மாச்சோ 95-30: ராட்சத விண்மீனின் முகத்தில் ஊர்ந்து போன லென்ஸ்

1995-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோம்லோ மலையிலிருந்து பால்வீதியின் மையப் பக்கத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்த மாச்சோ என்ற குழு, அங்கே ஒரு சிவந்த விண்மீன் நாளுக்கு நாள் பிரகாசமாகி வருவதைக் கண்டு மற்ற வான் ஆய்வகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அந்த நிகழ்வின் பெயர்தான் மாச்சோ 95-30. விண்மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நமக்கும் அதற்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குறுக்கே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் ஈர்ப்பு, பின்னாலிருந்த ஒளியை வளைத்து நம் பக்கம் கூடுதலாகத் திருப்பிவிட்டது. இதுவரை வழக்கமான கதைதான். உச்சிக்கு வந்தபோதுதான் கணக்கு உதைத்தது. சூத்திரம் போட்ட வளைவு ஒரு பக்கம் போனது, அளந்த புள்ளிகள் இன்னொரு பக்கம் போயின.

அந்த உதைப்பிலிருந்துதான் 29,000 ஒளியாண்டுத் தூரத்து விண்மீன் ஒன்று வெறும் புள்ளியாக இல்லாமல் வட்ட முகம் உள்ள பொருளாகத் தெரியவந்தது. அது எப்படி நடந்தது, அதில் எதை நம்பலாம், எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. வானியல் தொழில் இல்லை, பிடிப்பு. மொட்டை மாடியில் ஆறு இன்ச் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. இந்த நிகழ்வு நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்போது இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1997-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையைப் பல வருஷம் கழித்துப் படித்து, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்த எண் அவர்களுடையது, எது என்னுடைய பெருக்கல் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தூரமும் தடிமனும்

பால்வீதியின் மையம் தனுசு ராசியில் இருக்கிறது. மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே கொஞ்சம் வடக்கே தள்ளிப் பார்த்தால் அந்தத் திசைதான். வானில் அது தெற்கே 29 பாகையில் இருப்பதால், 11 பாகை அட்சரேகையில் உள்ள நம் ஊரிலிருந்து பார்க்கும்போது தெற்கு அடிவானத்துக்கு மேலே 50 பாகை வரை ஏறி வரும். ஐரோப்பாக்காரர்களுக்கு அது மரக்கிளை உயரத்தில் தட்டுத்தடுமாறிப் போகும். நமக்கு அந்தக் குறை இல்லை. வேறு குறை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மையத்தைச் சுற்றி விண்மீன்கள் நெல் குவித்த மாதிரி திரண்டு நிற்கும் பகுதியை மையப் புடைப்பு என்கிறார்கள். மாச்சோ 95-30-ல் பிரகாசமான விண்மீன் அந்தப் புடைப்பின் அப்பால் பக்கத்தில், சுமார் 9 கிலோபார்செக் தூரத்தில் இருக்கிறது (ஒரு கிலோபார்செக் என்றால் சுமார் 3,260 ஒளியாண்டு). எம்4 வகை ராட்சத விண்மீன். அதாவது வாழ்நாளின் பிற்பகுதியில் ஊதிப் பெருத்து, மேல்பரப்பு குளிர்ந்து சிவந்துபோனது. ஆரம் சூரியனைப் போல 61 மடங்கு, முன்பின் 12. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தால் புதன் கோளின் பாதையில் முக்கால்வாசித் தூரத்தை அடைத்துக்கொள்ளும்.

அவ்வளவு பெரியதுதான். ஆனாலும் இங்கிருந்து பார்க்க எவ்வளவு அகலம்? நான் போட்ட கணக்கை மில் பாஷையில் சொல்கிறேன். கோவையில் நின்றுகொண்டு, சென்னையில் ஒருவர் பிடித்திருக்கும் 40-ஆம் கவுண்ட் நூலின் தடிமனைப் பார்க்கிற மாதிரி. அந்த நூல் சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சாலைக் கணக்கில் 500 கிலோமீட்டர் தள்ளி வைத்த 0.15 மில்லிமீட்டர். அதுதான் அந்த விண்மீனின் விட்டம் நம் கண்ணில் விழுகிற கோணம்.

ஒப்பிட்டுப் பார்க்க: விண்மீன்களின் விட்டத்தில் முதன்முதலில் அளக்கப்பட்டது திருவாதிரையின் விட்டம். 1920-ல் வில்சன் மலையின் 100 இன்ச் தொலைநோக்கியில் மைக்கேல்சனும் பீஸும் குறுக்கீட்டுமானி பொருத்தி அளந்தார்கள். கிடைத்தது ஒரு பாகைநொடியில் (பாகையில் 3600-ல் ஒரு பங்கு) 0.047 பங்கு. நம் எம்4 விண்மீன் அதைவிட எழுநூறு மடங்குக்கு மேல் சின்னதாகத் தெரியும். நேரடியாகப் பார்ப்பது அந்தக் காலத்தில் ஆகாத காரியம்.

நடுவே வந்த லென்ஸ் எங்கே? கோவை-சென்னை உவமையையே வைத்துக்கொண்டால் வேலூர்ப் பக்கம். ஆய்வுக் கட்டுரையின்படி 6.93 கிலோபார்செக், ஆனால் அந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் நீண்ட வால் உண்டு. அது ஒரு மங்கலான சாதாரண விண்மீனாக இருக்கலாம். அதன் ஒளி நமக்குத் தேவையில்லை, எடை மட்டும் போதும்.

ஈர்ப்பு ஒளியை வளைக்கும், ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு லென்ஸ் மாதிரி வேலை செய்யும் என்பதை ஐன்ஸ்டீன் 1936-ல் ஒரு சிறு குறிப்பாக எழுதினார். அப்படி ஒன்றை யாரும் பார்க்கிற வாய்ப்பு அதிகம் இல்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டார். ஒரே ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் சொன்னது சரிதான், லட்சக்கணக்கான வருஷம் காத்திருக்க வேண்டும். போலந்து வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி 1986-ல் கணக்கைப் புரட்டிப் போட்டார்: ஒரு விண்மீனை லட்சம் வருஷம் பார்ப்பதற்குப் பதிலாக, பல லட்சம் விண்மீன்களை ஒரு வருஷம் பார்த்தால் என்ன? மின்னணுக் கேமராவும் கணினியும் வந்துவிட்ட காலம் அது. 1993-ல் மாச்சோ, ஈராஸ், ஓகிள் என்ற மூன்று குழுக்களும் முதல் நிகழ்வுகளை அறிவித்தன. மாச்சோ குழு தேடியது உண்மையில் இருட்பொருளை. ராட்சத விண்மீன்களின் முகம் அவர்களுடைய திட்டத்தில் பிரதானமே இல்லை.

அவர்கள் பயன்படுத்திய தொலைநோக்கிக்கும் ஒரு கதை இருக்கிறது, எனக்குப் பிடித்த கதை. 19-ஆம் நூற்றாண்டில் டப்ளினில் செய்து மெல்போர்னுக்குக் கப்பலில் அனுப்பிய பெரும் தொலைநோக்கி அது. அந்தப் பழைய எலும்புக்கூட்டை எடுத்து, புது 50 இன்ச் ஆடியும் புது கேமராவும் மாட்டி ஓட்டினார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய மிஷினை வாங்கிக் கண்டிஷன் பண்ணி இன்னும் இருபது வருஷம் ஓட்டுவார்களே, அந்த வேலை. 2003 ஜனவரியில் ஸ்ட்ரோம்லோ மலையில் பரவிய காட்டுத்தீயில் அது எரிந்து போனது.

கணக்கு உதைத்த இடம்

ஒரு விண்மீன் இன்னொன்றுக்கு இப்படி லென்ஸாக நிற்பதை நுண்வில்லை நிகழ்வு என்பார்கள். சாதாரண நுண்வில்லை நிகழ்வுக்குச் சூத்திரம் எளிமையானது. லென்ஸைச் சுற்றி ஐன்ஸ்டீன் வளையம் என்று ஒரு கற்பனை வட்டம் உண்டு. பின்னாலிருக்கும் விண்மீன் அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டால் பிரகாசம் 1.34 மடங்கு ஆகும். உள்ளே வர வர ஏறிக்கொண்டே போகும். இரண்டும் அச்சு அசலாக ஒரே கோட்டில் வந்தால் விடை முடிவிலி. முடிவிலி என்று விடை வந்தால், தொடக்கத்தில் எங்கேயோ ஒரு பொய் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். இங்கே அந்தப் பொய், விண்மீனுக்கு அகலமே கிடையாது, வெறும் புள்ளி என்று வைத்துக்கொண்டதுதான்.

பெரும்பாலான நிகழ்வுகளில் அந்தப் பொய் மாட்டிக்கொள்வதில்லை. லென்ஸ் தள்ளியே போய்விடும். புடைப்பிலிருக்கும் சூரியன் மாதிரி ஒரு விண்மீனின் கோண ஆரம் அவ்வளவு சின்னது, லென்ஸ் அதன் மேலேயே ஏறிப் போவது அபூர்வம். ராட்சத விண்மீன் என்றால் அப்படியில்லை. நம் கோவை-சென்னை அளவில் ஐன்ஸ்டீன் வளையத்தின் ஆரம் சுமார் ஒரு மில்லிமீட்டர் வருகிறது. கட்டுரையின் நிறையையும் தூரத்தையும் வைத்து நான் போட்டது. விண்மீன் 0.15 மில்லிமீட்டர் அகலம். அதாவது வளையத்துக்குள் நூல் கண்ணில் படுகிற அளவுக்கு இருக்கிறது. லென்ஸின் பாதை நடுவை ஒட்டிப் போனால் அந்த முகத்தின் மேல் ஏறாமல் தப்பிக்க முடியாது.

95-30-ல் அதுதான் நடந்தது. லென்ஸ் அந்த முகத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. விண்மீனின் மையத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வந்தது என்பதை விண்மீனின் ஆரத்தோடு ஒப்பிட்டால் 0.715, பிழை வெறும் 0.003. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே, ஓரத்தை ஒட்டி ஒரு நாண் போட்டது மாதிரி. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த எண் இதுதான். இந்த எண்ணுக்கு விண்மீனின் ஆரமோ தூரமோ முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. வளைவின் உருவத்திலிருந்து நேராக வந்தது.

லேபில் ஈவன்னஸ் டெஸ்டர் என்று ஒரு மிஷின் வைத்திருக்கிறோம். இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கு நடுவே நூல் ஓடும். நூல் தடித்தால் மின்தேக்கம் மாறும், மெலிந்தால் மாறும், கோடு மேலும் கீழும் ஆடும். யு பெர்சென்ட், தின், திக், நெப்ஸ் என்று கடைசியில் ஒரு சீட்டு வரும். மொத்தச் சராசரியைப் பார்த்து நூல் நல்லதா கெட்டதா என்று சொல்லலாம். எந்த ரோலர் கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு கோட்டில் திரும்பத் திரும்ப வருகிற பிசகைப் பார்க்க வேண்டும். எட்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை தடிப்பு வந்தால் ஃபிட்டர் நேரே போய் முன் ரோலரைக் கழற்றுவார். ரோலரை நாம் பார்க்கவே இல்லை, நூல் சொல்லிவிட்டது.

95-30-லும் அதே விதம்தான். நூலுக்குப் பதில் விண்மீனின் முகம், தகட்டுக்குப் பதில் லென்ஸ். லென்ஸ் தனக்கு நேர் பின்னாலிருக்கும் திட்டை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும், தள்ளி இருக்கும் திட்டைக் குறைவாக. நமக்கு வந்து சேர்வது எல்லாத் திட்டுகளின் கூட்டுத்தொகை மட்டுமே. ஆனால் லென்ஸ் நகர நகர அந்தக் கூட்டுத்தொகை மாறுகிற விதம், முகத்தில் எங்கே வெளிச்சம் அதிகம், எங்கே குறைவு என்பதைக் கொண்டுவருகிறது. புள்ளி விண்மீன் சூத்திரத்திலிருந்து வளைவு எங்கே விலகியதோ அங்கே விண்மீன் இருந்தது.

சூரியனின் முகத்தில் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். இது நம்மூரில் யாரும் பார்க்கக்கூடியது. சின்னத் தொலைநோக்கியால் சூரியனை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்தால் போதும். கண்ணை வைத்துப் பார்த்துவிடாதீர்கள், தாளில் மட்டும். தட்டு முழுக்க ஒரே வெள்ளையாக இருக்காது, ஓரம் கொஞ்சம் பழுப்பேறித் தெரியும். காரணம் சுலபம்: நடுவில் நேராக உள்ளே பார்க்கிறோம், சூடான ஆழம் வரை பார்வை போகிறது. ஓரத்தில் சாய்வாகப் பார்ப்பதால் மேலே உள்ள குளிர்ந்த அடுக்கோடு நின்றுவிடுகிறது. நீலத்தில் இந்த மங்கல் அதிகம், சிவப்பில் குறைவு.

இதில் ஒரு பிடி இருக்கிறது. ஈர்ப்பு நிறம் பார்க்காது, எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைக்கும். அதனால் புள்ளி விண்மீன் ஒன்று லென்ஸில் பிரகாசமானால் அதன் நிறம் மாறவே கூடாது. நிறம் மாறுகிறது என்றால், ஒன்று அது நுண்வில்லை நிகழ்வே இல்லை, அல்லது லென்ஸ் ஒரு முகத்தின் மேல் ஏறியிருக்கிறது. ஓரத்தைத் தொடும்போது சிவந்து, உள்ளே போகும்போது நீலப்பக்கம் நகரும். மாச்சோ கேமரா ஒவ்வொரு படத்தையும் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறத்தில் ஒரே நேரத்தில் எடுத்தது. இப்படியொரு சோதனைக்கு அது தோதான ஏற்பாடு.

மூன்று ஷிப்ட்

லென்ஸ் முகத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது? கட்டுரை, லென்ஸின் கோண வேகத்தைக் கிலோபார்செக்குக்கு நொடிக்கு 21.5 கிலோமீட்டர் என்கிறது, பிழை 4.9. விண்மீனின் தூரத்துக்குக் கொண்டுபோனால் நொடிக்கு 190 கிலோமீட்டர் சொச்சம். நாணின் நீளம் ஏறக்குறைய 6 கோடி கிலோமீட்டர். வகுத்தால் மூன்றரை நாள். நிகழ்வு முழுதும் ஏறி இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றாலும் சரக்கு இருப்பது இந்த மூன்றரை நாளில்தான்.

மூன்றரை நாளை ஒரே ஊரிலிருந்து பார்க்க முடியாது. விடிந்துவிடும், மேகம் வந்துவிடும். அதனால்தான் அந்தக் குழு உலக அளவில் எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை வைத்திருந்தது. நியூசிலாந்தில் இருட்டும்போது ஒருவர், அப்புறம் ஆஸ்திரேலியா, அப்புறம் இஸ்ரேல், கடைசியில் சிலி. பகல் ஷிப்ட், அரை நைட், ஃபுல் நைட் என்று மில்லில் ஆள் மாறுவதைப் போல ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் பெரிய தொலைநோக்கிகள் இல்லை, 0.6 மீட்டர் அளவில்கூட உண்டு.

இன்னொரு விஷயம்: நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே முகத்தின் விளைவு தெரிந்துவிட்டது. முடிந்த பிறகு பழைய தரவைக் கிளறிக் கண்டுபிடித்ததல்ல. அதனால் நிறமாலை எடுக்க நேரம் கிடைத்தது.

முகத்தின் ரசாயனம்

மில்லில் ஸ்பெக்ட்ரோகிராம் என்றால் நூலின் பிசகு வரைபடம். வானியலில் அதே சொல் ஒளியைப் பிரித்த நிறமாலை. இரண்டும் ஒரே தலைப்பில் வந்ததால் லேபில் என் கட்டுரைக் குறிப்பைப் பார்த்த ஒருவர் ரொம்ப நேரம் குழம்பினார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

எம் வகை ராட்சத விண்மீனின் நிறமாலை முழுக்க டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறின் பட்டைகள் அப்பியிருக்கும். மூலக்கூறு என்பது சூட்டில் உடைந்துபோகிற சமாச்சாரம். குளிர்ந்த மேல் அடுக்கில்தான் அது உயிரோடு இருக்கும். ஆகவே முகத்தின் ஓரத்திலிருந்து வரும் ஒளியிலும் நடுவிலிருந்து வரும் ஒளியிலும் அந்தப் பட்டைகளின் ஆழம் ஒன்றாக இருக்காது. சாதாரண நாளில் இரண்டும் கலந்துதான் நமக்கு வரும், பிரிக்க வழியில்லை. லென்ஸ் ஏறிய நாட்களில் கலவையின் விகிதம் நாளுக்கு நாள் மாறியது. எடுத்த நிறமாலைகளில் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளும் ஹைட்ரஜன் ஆல்பா கோடும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வலுக் கூடிக் குறைந்தன. குளிர்ந்த விண்மீன்களில் இப்படி ஆகும் என்று கோட்பாட்டாளர்கள் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள்.

இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். விண்மீன்களின் வளிமண்டலத்துக்கு நாம் வைத்திருக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை, சூரியனைத் தவிர்த்தால், முழு முகத்தின் மொத்த ஒளியோடு மட்டுமே ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. நூலின் சராசரியை மட்டும் பார்த்து மிஷினுக்கு நற்சான்று கொடுத்த மாதிரி. இங்கே ஆழத்துக்கு ஆழம் சரிபார்க்க ஒரு வழி கிடைத்தது. ராட்சத விண்மீன்களின் மேல் அடுக்கு தளர்ந்து பரந்து கிடப்பதால், மாதிரி பிசகுவதற்கு அதிக வாய்ப்பு உள்ள இடமும் அதுதான்.

எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை

எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஒருவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார். “அதெப்புடிங் தம்பி, பொருளையே பார்க்காம அகலம் அறுபத்தொண்ணுன்னு சொன்னாங்க?”

நல்ல கேள்வி, ஏனென்றால் இதைப் பற்றி எழுதுகிற பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். லென்ஸ் விண்மீனின் ஆரத்தைக் கிலோமீட்டரில் அளக்கவில்லை. 61 என்ற எண் நிறமாலை வகையிலிருந்தும், நிறத்திலிருந்தும், பிரகாசத்திலிருந்தும், தூரத்திலிருந்தும் வந்தது. லென்ஸ் தந்தது விகிதங்கள்: 0.715 என்ற நெருக்கம், முகத்தைக் கடக்க எடுத்த நேரம், வளையத்தோடு ஒப்பிட்ட அகலம். இந்த விகிதங்களோடு வெளியிலிருந்து கிடைத்த ஆரத்தைச் சேர்த்தால் லென்ஸின் வேகம் வருகிறது. ரோலர் எந்த நீளத்துக்கு ஒருமுறை தடிப்பு விடுகிறது என்று மிஷின் சொல்லும், ரோலரின் விட்டம் ஃபிட்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னதும் அண்ணன் தலையாட்டினார்.

ஆகவே கோண வேகத்தின் பிழையில் பெரும்பங்கு ஆரத்தின் பிழையே. 61-க்கு 12 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அது அப்படியே கீழே இறங்குகிறது.

லென்ஸின் நிறையில் இது இன்னும் மோசம். நிறை, தூரம், வேகம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முகத்தின் விளைவு அதில் ஒரு முடிச்சை அவிழ்க்கிறது, எல்லாவற்றையும் இல்லை. மிச்சத்துக்குப் பால்வீதியில் விண்மீன்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற நிகழ்தகவைத்தான் கொண்டுவர வேண்டும். கட்டுரை கொடுத்த இடைநிலை நிறை சூரியனில் 0.67 மடங்கு. மேலே 2.53 கூடலாம், கீழே 0.46 குறையலாம். உடம்பைவிட வால் நீளம். லென்ஸ் ஒரு சாதாரண விண்மீன், அது இவ்வளவுக்கு மேல் பிரகாசமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிபந்தனையைச் சேர்த்தபோது 0.53 ஆனது. லென்ஸ் புடைப்பில் இருப்பதற்கான நிகழ்தகவு 80 சதவீதம். இவற்றை ‘லென்ஸ் இவ்வளவு நிறை’ என்று செய்தித் தலைப்பாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதியவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை.

இன்னொரு சந்தேகம் எனக்கே வந்தது. எம் வகை ராட்சத விண்மீன்கள் தாமாகவே கொஞ்சம் விம்மி அடங்குகிறவை. பிரகாசம் ஆடியது அதனால்தானோ? வேகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிற்பதில்லை. விம்மல் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடப்பது, அளவும் சிறியது. பல மடங்கு பிரகாசமாகி, உச்சியில் மூன்றரை நாளைக்குள் இப்படியொரு உருவத்தில் வளைந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குவது வேறு ஜாதி. விண்மீனின் சொந்த ஆட்டம் நுண்ணிய எண்களில் கொஞ்சம் தூசி போடலாம். கதையை மாற்றாது.

அதற்குப் பிறகு

95-30 வழியைத் திறந்தது. விளிம்பு மங்கலை, அதாவது முகத்தின் ஓரம் மங்குவதை, எண்ணாகவே எடுத்தது மாச்சோ 97-பிஎல்ஜி-28 என்ற நிகழ்வு. அங்கே லென்ஸ் ஒற்றை இல்லை, இரட்டை. இரட்டை லென்ஸ் வானில் கூர்மையான கோடுகளையும் முனைகளையும் போட்டுவைக்கும், அவற்றின் மேல் விண்மீன் ஏறும்போது உருப்பெருக்கம் திடீரென்று எகிறும். ஒற்றை லென்ஸைவிட நல்ல கத்தி. புடைப்பிலிருந்த கே வகை (எம் வகையைவிடக் கொஞ்சம் சூடானது) ராட்சத விண்மீன் ஒன்று அப்படி ஒரு முனையைக் கடந்தது. பிளானெட் என்ற குழு சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று மூன்று இடங்களிலிருந்து 3 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து 696 அளவீடுகள் சேர்த்தது. இரண்டு நிறங்களில் கிடைத்த விளிம்பு மங்கல், மாதிரிகள் சொன்னதோடு ஒத்துப்போனது.

ஈராஸ்-பிஎல்ஜி-2000-5 என்ற நிகழ்வு இன்னும் ஒரு படி மேலே. அதுவும் கே வகை ராட்சதம், இரட்டை லென்ஸ். விண்மீன் கோட்டைத் தாண்டும் நேரம் முன்கூட்டியே தெரிந்ததால், ஹவாயின் கெக், சிலியின் விஎல்டி ஆகிய ராட்சதத் தொலைநோக்கிகளே நிறமாலை எடுக்கக் காத்திருந்தன. பூமி சூரியனைச் சுற்றுவதால் வளைவில் விழும் சாய்வையும் சேர்த்துப் பார்த்தபோது, 95-30-ல் அவிழாமல் போன முடிச்சும் அவிழ்ந்தது. லென்ஸின் மொத்த நிறை சூரியனில் 0.61 மடங்கு என்று நிகழ்தகவின் துணை இல்லாமல் வந்தது.

இப்போது ஓகிள் குழு சிலியின் லாஸ் கம்பானாஸில் 1.3 மீட்டர் தொலைநோக்கியால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 நிகழ்வுகளைப் பிடிக்கிறது. முகத்தின் மேல் ஏறுகிறவை அதில் கொஞ்சம்தான்.

மொட்டை மாடியிலிருந்து

நம்மூரில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: புடைப்பின் நிகழ்வுகளை என் ஆறு இன்ச்சில் பார்க்க முடியாது. ரொம்ப மங்கல், ரொம்ப நெருக்கடி. அதோடு மையப் புடைப்பு இரவில் நன்றாக ஏறி நிற்பது ஆனி, ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலைக்காரர்களுக்குப் பொற்காலம். தொலைநோக்கிக்கு அது கையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. மழை பெய்யாது, ஆனால் மேகம் மட்டும் மந்தை மந்தையாக மேற்கிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

பக்கத்து விண்மீன்களில் நடந்தால் வேறு. 2006 அக்டோபர் கடைசியில் காசியோப்பியாவில் ஒரு விண்மீன் 40 மடங்கு பிரகாசமானதை ஜப்பானிய ஆர்வலர் அகிஹிகோ தாகோ கண்டுபிடித்தார். 11.4 ஒளிர்மையில் இருந்தது 7.5 வரை ஏறியது (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). பைனாகுலரில் தெரிகிற அளவு. 2017-லும் அதே அக்டோபர் கடைசியில், அதே ஜப்பானில், தாதாஷி கொஜிமா ரிஷப ராசியில் ஒன்றைப் பிடித்தார். அந்த லென்ஸைச் சுற்றி ஒரு கோள் இருப்பதும் பிறகு தெரிந்தது. இரண்டும் ராட்சத விண்மீன்கள் இல்லை என்றாலும் ஆர்வலர் கையில் சிக்கியவை. இரண்டுமே ஐப்பசியில். நமக்கு வருஷ மழையில் பெரும்பங்கு பெய்கிற மாதம்.

அண்ணனுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்டார். “செரி, அந்த லென்ஸு இப்ப எங்க போயிருக்கும்?”

“போய்ட்டேதானுங்ணா இருக்கு. கணக்குப் போட்டுச் சொல்றேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து போட்டேன். கிலோபார்செக்குக்கு 21.5 கிலோமீட்டர் என்பது வானில் வருஷத்துக்கு ஏறக்குறைய நாலரை மில்லி பாகைநொடி. 30 வருஷத்தில் 0.136 பாகைநொடி. அன்று ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த இரண்டும் இப்போது, திருவாதிரையின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளியில் தனித்தனியே நிற்கின்றன. பெரிய தொலைநோக்கிகள் பிரித்துக் காட்டக்கூடிய அளவுதான் அது. பக்கத்தில் அந்தச் சிவந்த ராட்சதம் அவ்வளவு வெளிச்சமாக இல்லாமல் இருந்தால்.